3,75,000 ரூபாய்க்கு ஒரு டீசல் கார், அதன்மேல் 1,79,000 ரூபாய்க்குப் பழுது: 14 மாத அனுபவம்

2024 ஜனவரியில், சென்னையில் உள்ள ஒரு பெரிய பழைய கார் விற்பனை நிலையத்தில், 2014 அக்டோபரில் பதிவாகி 88,200 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டிய ஒரு டீசல் செடான் காரை 3,75,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அடுத்த 14 மாதங்களில் அந்தக் காருக்காகப் பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் நான் கொடுத்த தொகை 1,79,000 ரூபாய். காரையும், அதை விற்ற நிலையத்தையும், காரோடு சேர்த்துக் கொடுத்த 6 மாத உத்தரவாதச் சீட்டையும் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. மூன்றில் எனக்கு மிக மோசமாகப் பட்டது கார் அல்ல, அந்தச் சீட்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எனக்கு வந்த பழுதுகளில் பெரும்பாலானவை முன்பு வைத்திருந்தவர்கள் வண்டியைப் பார்த்துக்கொண்ட விதத்தால் வந்தவை. அதே எஞ்சினை 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தொந்தரவில்லாமல் ஓட்டுகிறவர் என் அலுவலகத்திலேயே இருக்கிறார். விற்ற நிலையத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நான் பின்னர் விசாரித்த வேறு இரண்டு நிலையங்களின் உத்தரவாதச் சீட்டுகளிலும் ஏறக்குறைய அதே வாசகங்கள்தாம் இருந்தன. ஒருவரை மட்டும் சுட்டிக்காட்டினால் மற்றவர்களிடம் நம்பிப் போய்விடலாம் என்றாகிவிடும்.

டீசல் கார்தான் வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் பழைய கணக்கு. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் கார் பேச்சு எழுந்தாலே டீசல் என்றுதான் முடியும். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு அந்த இடைவெளி மெல்லக் குறைந்து, நான் கார் வாங்கிய காலத்தில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைச் சற்றுத் தாண்டியும் டீசல் 90 ரூபாய்க்குச் சற்று மேலும் நின்றது. எண்ணிக்கை மாறிய பிறகும் எண்ணம் மாறவில்லை. "டீசல் வண்டின்னா இழுவை இருக்கும் மாப்பிள்ளை, ஊருக்குப் போறதுக்கு அதுதான் சரி" என்று என் மாமனார் சொன்னதும் சேர்ந்துகொண்டது. இழுவை விஷயத்தில் அவர் சொன்னது உண்மை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஐந்து பேரோடும் நிறைந்த டிக்கியோடும் மேம்பாலத்தில் நான்காவது கியரிலேயே ஏறும் அந்த எஞ்சினை எனக்கு இன்றும் பிடிக்கும்.

விற்பனை நிலையத்தில் கார் பளபளவென்று நின்றது. நான் கையை வைத்துப் பார்த்தபோது பானெட் வெதுவெதுப்பாக இருந்தது. "இப்பதான் வாட்டர் வாஷ் போயிட்டு வந்துச்சு சார்" என்றார் விற்பனைப் பிரதிநிதி. டீசல் காரின் உண்மையான நிலை தெரிவது இரவு முழுவதும் நின்று ஆறிப்போன எஞ்சினைக் காலையில் முதன்முதலாக எழுப்பும்போதுதான் என்பதும், சூடான எஞ்சின் பாதிக் குறைகளை மறைத்துவிடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பியதும் வண்டி பற்றிக்கொண்டது. நிலையத்தைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஓட்டினேன். குளிர்சாதனம் நன்றாகக் குளிர்ந்தது. அதோடு என் சோதனை முடிந்தது. எங்கள் பகுதி மெக்கானிக் 1,500 ரூபாய் கொடுத்தால் வந்து பார்த்திருப்பார். நிலையத்தார் 200 அம்சங்களைச் சோதித்து அச்சிட்டுக் கொடுத்த அறிக்கை கையில் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அந்த அறிக்கையை இப்போது எடுத்து எண்ணிப் பார்க்கிறேன். பெயின்ட், கண்ணாடி, கதவு, விளக்கு ஆகியவை பற்றி மட்டும் 60 வரிகளுக்கு மேல் இருக்கின்றன. இருக்கை உறை, தரைவிரிப்பு, மியூசிக் சிஸ்டம், கண்ணாடி ஏற்றும் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனியே பச்சைக் குறி போட்டிருக்கிறார்கள். டீசலை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் பாகங்கள் முழுவதற்கும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: எரிபொருள் கசிவு, இல்லை. டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் என்ற சொல் அறிக்கையில் எங்குமே இல்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ ஓரிடத்தில் வருகிறது. அங்கும் "சத்தம் இயல்பு" என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு டீசல் காரில் பெரும்பணம் விழுங்கக்கூடியவை இன்ஜெக்டர்கள், உயரழுத்தப் பம்ப், டர்போ, கிளட்சோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் ஆகிய நான்கும் என்றால், 200 அம்சங்களில் இந்த நான்கும் சேர்ந்து மூன்று வரிகூடப் பெறவில்லை. அறிக்கையில் பொய் இல்லை. பார்க்க எளிதானதை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

முதல் மாதச் செலவுகளைக் குறையாகச் சொல்ல மாட்டேன். பேட்டரி 6,400 ரூபாய், முன் டயர்கள் இரண்டு 9,800 ரூபாய், எஞ்சின் ஆயிலும் ஃபில்டர்களும் மாற்றிய பொது சர்வீஸ் 8,700 ரூபாய், ஆக 24,900 ரூபாய். பத்து வயது வண்டியை வாங்குகிறவர் இந்த அளவை எடுத்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கோளாறு மார்ச் மாதத்தில் தலைகாட்டியது. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நான்கைந்து விநாடிகள் சுற்றிய பிறகே பற்றியது. பற்றியதும் வெள்ளைப் புகையைக் கக்கி, அரை நிமிடம் குலுங்கி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சீராக ஓடியது. பேட்டரி புதிதாக இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டபோது, விற்பனை நிலையத்தின் சேவைப் பிரிவு "டீசல் வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று பதில் சொன்னது. ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு கும்பகோணம் போகும் வழியில், பண்ருட்டியைத் தாண்டியதும் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளுக்கு மேல் ஏற மறுத்தது. பெரிய சேதத்தைத் தவிர்க்கக் கணினியே எஞ்சினின் கையைக் கட்டிவிடும் ஏற்பாடு அது. எனக்கு அது அப்போது தெரியாது. மீதி வழியை 50 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வரும் பேருந்துகளின் ஹாரனைக் கேட்டுக்கொண்டே கடந்தோம்.

ஊரிலிருந்து திரும்பியதும் எங்கள் மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று சொல்லி டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் பழுது பார்க்கும் பட்டறையான ஒரு டீசல் பம்ப் ரூமுக்கு அனுப்பினார். அங்கே இருந்த மூத்த தொழிலாளி பார்த்த சோதனை மிக எளிமையானது. நான்கு இன்ஜெக்டர்களின் தலையிலிருந்தும் மீதி டீசல் திரும்பிச் செல்லும் மெல்லிய குழாய்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிட்டு, எஞ்சினை ஓடவிட்டார். மூன்றாவது பாட்டில் கழுத்துவரை நிறைந்தபோது முதல் பாட்டிலில் இரண்டு விரற்கடைகூட ஏறவில்லை. இரண்டாவதும் நான்காவதும் பாதிக்கு மேல் நின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு நான்கையும் வரிசையாகத் தூக்கிக் காட்டி, "ஒண்ணுதான் சார் உருப்படி" என்றார்.

காமன் ரயில் என்று சொல்லும் இன்றைய டீசல் எஞ்சின்களில், பம்ப் டீசலை அழுத்தி ஒரு கனமான குழாயில் தேக்கி வைக்கிறது; அந்த அழுத்தம், பார் என்ற அலகில், 1,600 வரை போகும். நம் காரின் டயரில் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று அதிகம் என்பதை வைத்துப் பார்த்தால், அது எப்படிப்பட்ட அழுத்தம் என்று விளங்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை திறந்து மூடும் இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு இடையிலான இடைவெளி ஓரிரு மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. டீசலில் நீரோ தூசியோ கலந்தால் அந்த இடைவெளி தேய்ந்து அகலும். அகன்றால் டீசல் உள்ளே போவதற்குப் பதிலாகத் திரும்பி ஓடும். திரும்பி ஓடினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கனமான குழாயில் போதிய அழுத்தம் சேரத் தாமதமாகும். அழுத்தம் சேரும்வரை கணினி டீசலைத் தெளிக்க விடாது. மார்ச்சிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த நான்கைந்து விநாடிச் சுழற்சிக்கு இதுதான் காரணம்.

டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, எச்சமாக வந்த டீசலின் அடியில் நீர் மணிமணியாக உருண்டது. என் முதல் மாத சர்வீஸில் இந்த ஃபில்டரை மாற்றியதாகத்தான் பில்லில் இருந்தது. மாற்றவில்லை என்பதை அதன்மேல் படிந்திருந்த மண்ணே சொன்னது. அந்த சர்வீஸையும் விற்பனை நிலையத்தின் பட்டறையில்தான் செய்தேன் என்பதால், அவர்களுடைய மதிப்பெண்ணில் இதற்காகத் தனியாக ஒன்றைக் குறைக்கிறேன்.

புதிய இன்ஜெக்டர் ஒன்றின் விலை 16,000 ரூபாய் என்றார்கள். உள்பாகங்களை மாற்றிப் புதுப்பித்து, சோதனைப் பெஞ்சில் ஏற்றி அளவு பார்த்து, 6 மாதப் பொறுப்போடு கொடுப்பது 8,500 ரூபாய். ஒன்று நன்றாக இருக்கிறதே, மூன்றை மட்டும் செய்யலாமா என்று கேட்டேன். நான்கும் ஒரே டீசலைக் குடித்தவைதானே என்று அவர் கேட்ட எதிர்க்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு இன்ஜெக்டர்களுக்கு 34,000, பம்பைப் பிரித்துச் சீர்செய்ய 11,500, டேங்கை இறக்கிக் கழுவ 2,500, ஃபில்டர் 1,800, சோதனைக்கு 2,000, கழற்றிப் பூட்டும் கூலியும் கணினியில் பதியும் வேலையும் சேர்த்து 4,200, மொத்தம் 56,000 ரூபாய். கணினியில் பதிவது என்பதை விளக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதன் தனிப்பட்ட தெளிப்பு அளவைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். மாற்றிய பிறகு அதை ஸ்கேனர் வழியாக எஞ்சின் கணினிக்குச் சொல்லாவிட்டால், நல்ல இன்ஜெக்டரும் நொண்டும். மலிவாகச் செய்துதருகிறேன் என்று சொன்ன இன்னொரு பட்டறையில் அந்த வசதியே இல்லை. பம்ப் ரூமில் 56,000 ரூபாய் கொடுத்தது வலித்தது என்றாலும், 14 மாதங்களில் நான் மனநிறைவோடு கொடுத்த பில் அது ஒன்றுதான்; பழைய உதிரிகளை ஒரு துணியில் சுற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தப் பில்லோடு, காரை விற்ற நிலையத்துக்கு உத்தரவாதத்தைக் கேட்டுப் போனேன். கார் வாங்கி 6 மாதம் முடியவில்லை. "எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் முழுப் பொறுப்பு" என்று விற்கும்போது சொன்னவர்கள், இப்போது சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எண்ணெயில் மூழ்கி இயங்கும் எஞ்சின் உள்பாகங்களுக்கு மட்டுமே பொறுப்பு என்று அங்கே இருந்தது. பிஸ்டன், கிராங்க், கனெக்டிங் ராடு போன்றவை அதில் அடங்கும். எரிபொருள் அமைப்பு, டர்போ, கிளட்ச், மின் பாகங்கள், சென்சார்கள் ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்று விலக்குப் பட்டியலில் இருந்தன. யோசித்துப் பார்த்தால் இது சாமர்த்தியமான பட்டியல். பத்து வயது டீசல் காரில் 6 மாதத்துக்குள் கிராங்க் உடைவது அபூர்வம். இன்ஜெக்டர் போவது சாதாரணம். நடக்காதவற்றுக்குப் பொறுப்பேற்று, நடக்கக்கூடியவற்றை விலக்கி எழுதிய அந்தத் தாளுக்காக நான் தனியாக 12,000 ரூபாய் கொடுத்திருந்தேன் என்பதை இங்கே சேர்க்கிறேன். 1,79,000 ரூபாய்க் கணக்கில் அது வராது.

ஜூலையில் டர்போ போனது. தூரத்தில் ஆம்புலன்ஸ் வருவதுபோல் ஒரு சங்கொலி, வேகம் ஏற ஏறக் கூடவே ஏறும். சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்கண்ணாடியில் நீலப் புகை தெரியும். கருப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்பதை அதற்குள் நான் கற்றிருந்தேன். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1.5 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத வண்டியில் அந்தப் படலம் கெட்டு, அச்சு ஆடத் தொடங்கும். மெக்கானிக் குழாயைக் கழற்றிவிட்டு விரலால் அச்சைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், முன்பின்னாக ஆடவே கூடாது என்றார். என் காரில் கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது.

புதுப்பேட்டைக்கும் போய்ப் பார்த்தேன். பழைய கார்களைப் பிரித்து விற்கும் அந்தத் தெருக்களில் என் காரின் டர்போவைச் சொன்ன 10 நிமிடத்தில் கொண்டுவந்து வைத்து 9,000 ரூபாய் கேட்டார்கள். கதவு, பம்பர், விளக்கு வாங்க அதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் எந்த வண்டியில், எப்படிப்பட்ட ஆயிலில் ஓடியது என்று தெரியாத டர்போவை வாங்கினால் இதே கதை இன்னொரு முறை நடக்கும் என்று பயந்து திரும்பிவிட்டேன். உள்தொகுதியை மாற்றிப் புதுப்பித்த டர்போ 21,500, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் வெடித்திருந்த குழாய் 2,900, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டையும், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வையும் சுத்தம் செய்ய 4,500, ஆயிலும் ஃபில்டரும் 4,600, கூலி 5,000, ஆக 38,500 ரூபாய்.

மேனிஃபோல்டைக் கழற்றியபோது பார்த்த காட்சியில் என் பங்கும் இருக்கிறது. இ.ஜி.ஆர். வால்வின் கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, காற்று போகும் வழி முழுவதும் ஈரத் தார்போல் அப்பியிருந்தது. மூன்று விரல் நுழைய வேண்டிய துளையில் ஒரு விரல்தான் நுழைந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் வழித்து எடுத்ததைப் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டார், அரை டப்பா நிறைந்தது. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு நெரிசலில் ஊர்ந்து போய், எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் என் அன்றாட ஓட்டம் இந்தக் கரிக்கு உரம் போடும் ஓட்டம்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் உண்டு; நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வண்டியை என்னைப் போல ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் வாங்கினால் இதைவிடப் பெரிய பில் வரும்.

ஆகஸ்ட்டில் குளிர்சாதனத்தின் காற்று ஃபில்டரை மாற்றுவதற்காக டேஷ்போர்டின் கிளவ் பாக்ஸைக் கழற்றியபோது, அதன் பின்னால் நான்காக மடிந்த ஒரு தாள் விழுந்தது. 2021 செப்டம்பரில் வீல் அலைன்மென்ட் செய்த ரசீது. வண்டி எண் என் வண்டியுடையது. ஓடிய தூரம் என்ற இடத்தில் 1,31,640 என்று இருந்தது. 2024 ஜனவரியில் 88,200 காட்டிய மீட்டரை அதோடு வைத்து எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். யாரோ மீட்டரைப் பின்னோக்கித் திருப்பியிருக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டபோது, 2018இல் 74,000 கிலோமீட்டரில் கடைசியாக வந்ததாகவும் அதன்பின் வரவில்லை என்றும் சொன்னார்கள். வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டிருந்தால், 6 ஆண்டுகளில் 14,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய டீசல் கார் எது என்ற சந்தேகம் அப்போதே வந்திருக்கும். என் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருந்தது என் அதிர்ஷ்டம். பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்து, பொய்யான மீட்டரை நம்பி மாற்றாமல் ஓட்டி, அது அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டி வந்திருக்கும்.

ரசீதோடு விற்பனை நிலையத்துக்குப் போனபோது, "நாங்க வாங்கும்போதே மீட்டர் இப்படித்தான் இருந்துச்சு சார்" என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். முந்தைய உரிமையாளரோ இடைத்தரகரோ செய்திருக்கலாம். ஆனால் வண்டி எண்ணை வைத்துச் சேவை மையத்தில் ஒரு வார்த்தை கேட்பது என்னைவிட அவர்களுக்கு எளிது. நல்லெண்ண அடையாளமாக 5,000 ரூபாய் மதிப்புள்ள பாலிஷ் சலுகைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நான் பயன்படுத்தவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு என்பதும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பதும் தெரிந்துதான் இருக்கிறது. அறிக்கை, சீட்டு, ரசீது மூன்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் கிளட்ச். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் தகடு, பிரஷர் பிளேட், பேரிங் ஆகியவற்றுக்கு 13,800 ரூபாய் என்பதை எதிர்பார்த்தே போனேன். கியர்பாக்ஸை இறக்கிய பிறகுதான், டீசல் எஞ்சினின் அதிர்வைத் தாங்குவதற்காக இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்துச் செய்யும் இரட்டை ஃப்ளைவீலும் தளர்ந்திருப்பது தெரிந்தது. அது 24,500 ரூபாய். கூலி 6,500, கியர் ஆயில் 1,200, மொத்தம் 46,000. பழையதையே வைத்துப் பூட்டினால் புதிய கிளட்ச்சும் சீக்கிரம் போய்விடும், கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலியும் சேரும் என்பதால் இதில் பேரம் பேச இடமில்லை. எஞ்சின் மவுண்ட் 3,600, லோயர் ஆர்ம் 5,200, குளிர்சாதன வேலை 4,800 ஆகிய சில்லறைச் செலவுகள் 13,600 ரூபாய்.

இத்தனைக்கும் டீசலால் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். 14 மாதங்களில் சுமார் 13,000 கிலோமீட்டர் ஓட்டினேன். லிட்டருக்குச் சராசரி 17 கிலோமீட்டர் கிடைத்தது, அதாவது கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 40 காசு. அதே காரின் பெட்ரோல் வண்டி என் ஓட்டத்துக்கு 13 கொடுக்கும் என்று வைத்தால் 7 ரூபாய் 75 காசு. மிச்சம் 30,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். டர்போ பில்லுக்குக்கூடப் போதாது. அதே நிலையத்தில், அதே ஆண்டின் பெட்ரோல் வண்டி 3,95,000 ரூபாய்க்கு நின்றிருந்தது. 20,000 ரூபாய் அதிகம் என்று அன்று அதைத் தள்ளிவிட்டேன்.

டெல்லிப் பதிவெண்ணோடு சில டீசல் கார்களும் அங்கே இன்னும் 80,000 ரூபாய் குறைவாக நின்றன. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் இட்ட உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்ததால் அங்கிருந்து தெற்கே வந்தவை அவை; தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எல்லாம் சேர்ந்தால் அந்த 80,000 கரைந்துவிடும் என்பதால் அவற்றை நான் தொடாதது மட்டுமே அன்று நான் எடுத்த சரியான முடிவு.

நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. பெயர் மாற்றத்தை அந்த நிலையம் சுத்தமாகச் செய்தது. படிவங்கள் 29, 30, வங்கிக் கடன் நீக்கத்துக்கான படிவம் 35 ஆகியவற்றை அவர்களே நிரப்பி, 5 வாரத்தில் என் பெயரில் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றைக் கொடுத்தார்கள், பழைய அபராதங்கள் எதுவும் நிலுவையில் இல்லை. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இதற்காக நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நாலைந்து தடவை அலைந்திருப்பேன். காகிதங்களுக்காக மட்டும் நிலையத்துக்கு 5க்கு 2 கொடுக்கிறேன். உத்தரவாதச் சீட்டுக்கு ஒன்றும் இல்லை. காருக்கு, பழுதுகளுக்குப் பின் அது இன்று ஓடும் நிலையில், 5க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். போன மாதம் கும்பகோணம் போய் வந்தபோது லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுத்தது.

விற்றுவிடலாமா என்ற எண்ணத்தில் 2025 மார்ச்சில் அதே நிலையத்தின் கொள்முதல் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தேன். வண்டியைப் பார்க்க மறுநாள் காலை 7 மணிக்கு ஆள் வருவார் என்று சொன்ன அந்தப் பெண், தொலைபேசியை வைப்பதற்கு முன் ஒரு வேண்டுகோளும் விடுத்தார்: "எங்க ஆள் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார், எஞ்சின் ஆறியிருந்தாதான் நாங்க செக் பண்ணுவோம்." வந்தவர் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஸ்டார்ட் செய்து புகையைப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார், ஸ்கேனரைச் செருகினார், டர்போ குழாயைத் தடவினார். எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு 2,40,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் வண்டியைக் கொடுக்கவில்லை.